என் வலது கன்னம் சிரித்த நாட்கள்

கார் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பது என் வேலை. வண்டியை மரத்தில் மோதிவிட்டு, லாரி வந்து இடித்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், நான் முதலில் போய் மரத்தைப் பார்ப்பேன். அப்புறம்தான் ஆளைப் பார்ப்பேன். பொய் சொல்கிறவன் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான் என்று பலரும் நினைக்கிறார்கள். பழகிய பொய்யன் நேராகத்தான் பார்ப்பான். வாயோரம் ஒரு நொடி இழுக்கும், அதை நான் விடமாட்டேன். ஜொகூர் முழுக்க மற்றவர்கள் வாயோரத்தைப் பார்த்தே சம்பாதித்து, பெர்மாஸ் ஜெயாவில் வீடும் வாங்கிய எனக்கு ஒரு காலையில் என் வாயோரமே வேலை செய்யவில்லை.

இதை எழுதச் சொன்னது என் மச்சான் குமார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவும் லா மச்சான்" என்றான். என்னை மாதிரி என்றால் முகம் கோணியவர்களையா, யாரையும் நம்பாதவர்களையா என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டான். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்றைக்குப் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. கோப்பையில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன், என் புத்தி அப்படி. மறுபடி தண்ணீர் எடுத்தேன், மறுபடி வழிந்தது. அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். இடது பக்கம் நான் இருந்தேன். வலது பக்கம் யாரோ தூங்கி வழிகிற ஆள் இருந்தான். கண்ணை மூடினால் வலது கண் மூட மறுத்தது.

என் மனைவி பார்வதி அடுப்படியிலிருந்து வந்தவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "என்னங்க, வாய் ஒரு பக்கமா போவுது!"

"படுத்த வாக்குல அப்படி இருக்கும்" என்று சொல்லப் பார்த்தேன். 'ப' உதட்டில் நிற்காமல் காற்றாகப் போனது.

குமார் பார்வதியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், சொந்தக் காரில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். அவன் காரில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பக்கவாதம் என்ற வார்த்தையை மூன்று பேருமே சொல்லவில்லை. ஆனால் குமார் சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினான். இப்படிப் போய் இடித்தால் உன் கோரிக்கை நிற்காதடா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். இடது நெற்றியில் சுருக்கம் விழுந்ததாம், வலது நெற்றி தேய்த்த சட்டை போல அப்படியே இருந்ததாம். "நல்லது" என்றார். பாதி முகம் செத்துக் கிடக்கிறது, இவருக்கு அது நல்லதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு விளக்கினார். மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் அசையும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. நெற்றியும் சேர்ந்து விழுந்தால் கோளாறு மூளையில் அல்ல, முகத்துக்கு வருகிற நரம்பில். அந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. அது வீங்கினால் வீங்க இடமில்லாமல் நசுங்கி வேலையை நிறுத்திவிடுகிறது. முகவாதம் என்பார்கள். எதனால் வீங்கியது என்று கேட்டேன். பெரும்பாலும் காரணம் தெரியாது என்றார். காரணம் தெரியாது என்று நான் அறிக்கை எழுதினால் என் மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு இனிப்பு நீர் உண்டு. அந்த மாத்திரை சர்க்கரையைக் கண்டபடி ஏற்றும் என்பதால் சில நாள் வார்டில் படுக்கச் சொன்னார்கள். விரல் நுனியில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தாதி எழுதிக்கொள்கிற எண்ணை நானும் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். "அங்கிள் ஆடிட்டரா?" என்று கேட்டார் அவர். கிட்டத்தட்ட என்றேன்.

வார்டு நாட்களைப் பற்றி மற்றவர்கள் பயத்தைத்தான் எழுதுவார்கள். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கண் மூடாததால் களிம்பு போட்டு இமையை ஒட்டுவார்கள். ஒட்டாமல் விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாமாம். அந்த ஒட்டுத் துணியைப் பார்வதிதான் அளவாக வெட்டுவாள். இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டு, சின்னச் சின்னதாகக் கிள்ளி, இடது பக்கக் கடைவாயில் வைப்பாள். எப்போதும் என் வலது பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வழிகிறதைப் பிறர் பார்க்காமல் துடைக்கத்தான் அந்த இடம் என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. குமார் வழக்கமாகக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன். வார்டுக்கு வந்தால் மட்டும் வானிலை, பெட்ரோல், பந்து என்று சிரிப்பே வராத விஷயங்களாகப் பார்த்துப் பேசினான்.

வீட்டுக்குப் போகும்போது கட்டணச் சீட்டைப் பார்த்தேன். அவ்வளவு குறைவு. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில், எதையோ விட்டுவிட்டார்களோ, ஏதாவது பரிசோதனை செய்யாமலே அனுப்புகிறார்களோ என்று கவுண்டரில் நின்று கேட்டேன். பார்வதி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் முகம் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குத் திரும்பவில்லை. நரம்பு நிபுணர் டாக்டர் லிம் ஒவ்வொரு முறையும் சிரிக்கச் சொல்வார், கன்னத்தை ஊதச் சொல்வார், குறித்துக்கொள்வார். ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். சாதாரண முகவாதம் என்றால் மூன்று நான்கு மாதத்துக்குள் கொஞ்சமாவது அசைவு வந்தாக வேண்டும். வரவே இல்லை என்றால் அது சாதாரண முகவாதம்தானா என்று மறுபடி யோசிக்க வேண்டும். நரம்பை ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் நாள் போகப் போக நரம்பு மீளாது.

கட்டி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். கன்னம் அசைகிறதா, இல்லையா? அசைந்தால் பிழைத்தேன். அசையாவிட்டால் உள்ளே என்னமோ இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் என்னை மறுவாழ்வுப் பிரிவில் அய்னா என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். நம் பிள்ளைகள் வயது இருக்கும். கண்ணாடி பார்த்துச் செய்கிற முகப் பயிற்சியை நான் செய்ய மறுத்துவிட்டேன். கோணல் முகத்தைப் பார்த்தபடி சிரிக்கப் பழகு என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? அதற்கு அவர், புதிதாக ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கிறோம், விருப்பமா என்று மலாயில் கேட்டார். அவர் பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தலையில் மாட்டுகிற திரை அது, நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கிய மாதிரி. மாட்டினால் கண்முன்னே ஓர் அறையும் அதில் ஒரு பொம்மை மனிதனும் தெரியும். நாம் வாயைத் திறந்தால் அவன் திறப்பான். மெழுகுவத்தி வரும், ஊத வேண்டும். பலூன் வரும், கன்னத்தை உப்பி அதைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் அந்தத் திரைக்கு நம் கண் பக்கம்தான் தெரியுமே தவிர வாய் தெரியாது. அதற்காகத் தனியாக ஒரு சின்னக் கேமரா வாங்கி, திரைக்கு அடியில் தாடைக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும்படி மாட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை முகத்தில் அடித்து வாயும் கன்னமும் எவ்வளவு நகர்கின்றன என்று அது அளக்கும். அந்த அளவை வைத்துத்தான் பொம்மை மனிதன் முகத்தை அசைப்பான். கூடவே கணினியில் இடது, வலது என்று இரண்டு கோடுகள் ஏறி இறங்கும்.

திரை ஒரு கம்பெனி, கேமரா வேறு கம்பெனி என்றதும் எனக்கு மூக்கு வேர்த்தது. காரில் ஒரு கடைச் சாமானையும் இன்னொரு கடைச் சாமானையும் சேர்த்துப் பொருத்தியிருந்தால் நான் அந்தப் பொருத்தின இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். தகிடுதத்தம் அங்கேதான் நடக்கும்.

"என் முகப் படம் எங்க போகுது?" என்று கேட்டேன்.

"இந்தக் கணினியிலதான் இருக்கும், அங்கிள். வெளிய போகாது."

"கேமரா விக்கிற கம்பெனிக்காரனுக்கு?"

"போகாது."

ஒப்புதல் தாளை அடிக்குறிப்பு வரை வாசித்தேன். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். கட்டி என்ற சொல் என்னைப் போட வைத்தது.

வலது கண்ணை ஒட்டிவிட்டு ஒற்றைக் கண்ணோடு அந்தத் திரையை மாட்டிக்கொள்வேன். முதல் தடவை குமார் கூட்டிப் போனான். சிரித்தேன். பொம்மை மனிதன் இடது பக்கம் சிரித்து வலது பக்கம் தொங்கினான். கண்ணாடியில் பார்த்த அதே ஆள். கணினியில் வலது கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

அடுத்த தடவை பார்வதி வந்தாள். சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டிப் பிரிவில் அவளுக்கு ஷிப்டு வேலை, மதிய ஷிப்டு உள்ள வாரத்தில்தான் வர முடியும். திரையை மாட்டிக்கொண்டு சிரித்தேன். பொம்மை மனிதன் இரண்டு பக்கமும் சிரித்தான்.

மறுபடி சிரித்தேன். மறுபடி அவனும் முழுசாகச் சிரித்தான். வலது கோடு எழுந்து நின்றது. பார்வதி கணினியைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு வீட்டில் கேசரி கிளறி அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் துளியும் நகரவில்லை. அய்னாவைக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத சின்ன அசைவைக்கூடக் கேமரா பிடிக்கும் என்றார். எனக்கு இந்த மாதிரிப் பதில்கள் நிறையப் பழக்கம். வண்டியில் கீறல் எங்கே என்று கேட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியாது சார் என்று சொல்லிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

சில தடவை முகம் சிரித்தது, சில தடவை தொங்கியது. நரம்பு திரும்பும்போது நாளுக்கு நாள் மாறும் என்று அய்னா நம்பினார். டாக்டர் லிம் அந்தக் கோடுகளைப் பார்த்தார், என்னைச் சிரிக்கச் சொன்னார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கும் லேசா தெரியுற மாதிரிதான் இருக்கு" என்றார். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருப்போர் அதிகம், அவசரமானவர்கள் முதலில் போகட்டும், உங்களுக்கு அசைவு வந்துவிட்டதால் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். பார்வதி வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் நல்ல நாளையும் மோசமான நாளையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

வேலையில் செய்வதைத்தான் செய்தேன். நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் என்ன வித்தியாசம்? காலையா மாலையா என்று பார்த்தேன், இல்லை. சாப்பிட்டதா, சர்க்கரையா என்று பார்த்தேன், இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தபோது பட்டென்று பிடிபட்டது. பார்வதி வந்த நாளில் எல்லாம் முகம் சிரித்தது. குமார் வந்த நாளில் எல்லாம் தொங்கியது.

எனக்கு எல்லாமே புரிந்துவிட்டதாக நினைத்தேன். அழுகிற மனைவியைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு இரக்கம் வந்திருக்கிறது. எங்கேயோ ஒரு பொத்தானை அழுத்தி முகத்தைச் சரிசெய்து காட்டுகிறார். அல்லது பார்வதியே போய்க் கெஞ்சியிருப்பாள், அவர் மனசு உடைஞ்சு போயிருக்கு, கொஞ்சம் நல்லா காட்டும்மா என்று. அவள் செய்யக்கூடியவள்தான். அன்பில் செய்கிற மோசடியும் மோசடிதான், என் தொழிலில் நான் அதையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் என்னைச் சந்தோஷப்படுத்துகிற நேரத்தில் உள்ளே கட்டி வளர்ந்தால்?

அடுத்து பார்வதி வந்த நாளில் சோதித்துவிடுவது என்று முடிவுசெய்தேன். அவளைக் கேண்டீனுக்கு அனுப்பி, பால் சேர்க்காத தேநீர், தே ஓ, வாங்கி வரச் சொன்னேன். திரையை மாட்டிக்கொண்டு, விரலால் இடது வாயோரத்தை மட்டும் மேலே தள்ளினேன். வலது பக்கத்தைத் தொடவே இல்லை. பொம்மை மனிதன் இரண்டு பக்கமும் சிரித்தான்.

திரையைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். "யார் சொல்லி இப்படிச் செய்றீங்க? என் மனைவியா?"

அய்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதைச் செய்றேன், அங்கிள்?"

"எனக்கு நாப்பது விதமான பொய் தெரியும். நான் ஒரு பக்கம்தான் அசைச்சேன். அவன் ரெண்டு பக்கமும் சிரிக்கிறான். எனக்குள்ள கட்டி இருக்கலாம், தெரியுமா? நீங்க விளையாடுறீங்களா?"

கத்தியிருக்கிறேன். பக்கத்து அறையில் நடைபழகிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார். அய்னாவின் முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. திரையை என் தலையில் மறுபடி மாட்டினார், கணினியில் தட்டிப் படத்தை நிறுத்தி வைத்தார், பிறகு திரையை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, கேமரா பார்த்த அசல் படத்தை என் பக்கமாகத் திருப்பினார்.

கறுப்பு வெள்ளையில் என் வாய், மூக்கு, தாடை. இடது கன்னத்தில் ரோமக்கால்கூடத் தெரிந்தது. வலது கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் கன்னமும் இல்லை, வாயோரமும் இல்லை.

நான் கன்னத்தைத் தொட்டேன். விரலில் திருநீறு வந்தது.

பார்வதி ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தியதும் கைப்பையிலிருந்து சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, என் நெற்றியில் இட்டுவிட்டு, செத்த கன்னத்திலும் வாயோரம் வரை அழுத்தித் தேய்ப்பாள். செவ்வாய்க்கிழமை அர்ச்சனைத் திருநீறு. பிறந்ததிலிருந்து யாராவது என் முகத்தில் திருநீறு பூசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அது பூசியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. திரையை மாட்டுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன். திருநீற்றைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அய்னா மெதுவாகச் சொன்னார். "உங்க மனைவி வந்த முதல் நாளே பார்த்தேன், அங்கிள். வெள்ளையா இருந்துச்சு. ஆனா பொம்மை நல்லா அசைஞ்சதால பரவாயில்லன்னு விட்டுட்டேன். துடைக்கச் சொல்லலாமான்னு நினைச்சேன். அது உங்க சமயம். நான் எப்படிச் சொல்றது? நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு பயந்தேன்."

சொல்லியிருந்தால் கஷ்டப்பட்டிருப்பேன். கோபமும் பட்டிருப்பேன். தலையை மூடியிருக்கிற துடோங்கை எடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வருமா? ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று இந்த நாட்டில் நாமெல்லாம் பழகிய மரியாதை அது.

ஈரத்தாள் கொடுத்தார். துடைத்தேன். மறுபடி மாட்டிச் சிரித்தேன். பொம்மை மனிதன் வலது பக்கம் தொங்கினான். வலது கோடு தரையில் படுத்தது. அந்தக் கேமரா முதலில் விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்று அய்னா அன்றைக்குத்தான் விளக்கப் புத்தகத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார். அவர்களுக்கு முகம் அழகாகத் தெரிந்தால் போதும். அதனால், திருநீறு ஒளியைத் திருப்பியடித்த மாதிரி எதனாலோ ஒரு பக்கம் தெரியாமல் போனால், தெரிகிற பக்கத்தைப் பார்த்து அதுவே மீதியைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். காலிக் கட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்கிற விண்ணப்பதாரர்கள் எனக்குத் தெரியும். இயந்திரமும் அப்படிச் செய்யும் என்று தெரியாது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அப்போதுதான் பார்வதி தே ஓ பொட்டலங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கணினியில் தொங்கிக்கொண்டிருந்த பாதி முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, மெஷின் கெட்டுப்போச்சா?"

எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, கட்டிய மனைவியின் கட்டைவிரல்மேல் சந்தேகம் வரவில்லை. காரில் ஏறிய பிறகு சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். தெப்ராவ் சாலை நெரிசல் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒண்ணுமே அசையலையா?"

"இல்ல."

"நான்தான் மறைச்சுட்டேனா?"

"நீ என்ன தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியாம செஞ்சா மட்டும் கட்டி வளராதா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அய்னா டாக்டர் லிம்மிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். தன் தப்பு என்றே சொன்னாராம். மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். கோடுகளைப் பார்த்த பிறகு உங்க முகத்தைப் பார்த்தேன், முதலில் முகத்தைப் பார்த்திருக்கணும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றுவரை நம்புகிறேன். எம்.ஆர்.ஐ.க்கு உடனே இடம் வாங்கிக் கொடுத்தார்.

மெஷின் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள், காதை அடைத்தும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இரைச்சல். கையில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். கட்டி இருந்தால் அந்த மருந்தில் அது வெளிச்சமாகத் தெரியுமாம். வெளியே வந்ததும் அங்கே இருந்த பணியாளரின் வாயோரத்தைத்தான் பார்த்தேன். முகமூடி போட்டிருந்தார். முடிவு வரும் வரை வீட்டில் பார்வதி என்னோடு சாப்பிட்டாள், கண்ணுக்குக் களிம்பு போட்டாள், இமையை ஒட்டினாள். சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். என் முகத்தில் மட்டும் எதையும் பூசவில்லை. நானும் கேட்கவில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன்.

கட்டி இருந்தது. காதுக்குப் பின்னால் அந்த எலும்புக் குழாய்க்குள்ளேயே, நரம்பின் உறையில் வளர்ந்த சின்னக் கட்டி. புற்று இல்லை என்று படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்ல முடிகிறது என்றார் டாக்டர் லிம். முழுசாக வெட்டி எடுத்தால் நரம்பும் கூடவே போய்விடும். அதனால் கட்டியை அங்கேயே விட்டு, எலும்பைத் திறந்து நரம்புக்கு இடம் கொடுப்பார்கள், அழுத்தம் குறையும். முகம் திரும்புமா என்று கேட்டேன். திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போயிருக்கும் என்றார். பக்கத்தில் பார்வதியின் கை என் கையை இறுக்கியது. வலித்தது, ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. காதைச் சுற்றிக் கட்டு, தலைச்சுற்றல், வாந்தி, அதெல்லாம் படுத்தவர்களுக்குத் தெரியும். குமார் தன் பிழைப்பை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினான். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்பது. தாதி சிரித்தார். துணுக்கு எடுத்து அனுப்பியிருந்தார்கள். புற்று இல்லை என்றே வந்தது.

ஊருக்குத் திரும்பி மாதங்கள் போயின. அய்னாவிடம் பயிற்சிக்குப் போய்வருகிறேன். இப்போது அவர் எல்லாரிடமும் முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்லிவிடுகிறார், முகப்பவுடர், சந்தனம், திருநீறு எதுவானாலும். அசல் படத்தையும் பக்கத்திலேயே திறந்து வைக்கிறார். வலது கோடு படுத்தே கிடந்தது. அரைச் சம்பள விடுப்பில் வீட்டில் இருந்தேன். கோணல் வாயை வைத்துக்கொண்டு இன்னொருவன் வாயோரத்தை விசாரிக்கப் போனால் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பானே என்ற பயம் வேறு.

போன வாரம் ஒரு காலை. பார்வதி மதிய ஷிப்டுக்குப் போக வேண்டும். தோசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள், சட்டென்று திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தாள், மறுபடி திரும்பிக்கொண்டாள். என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. டாக்டர் இவளிடம் தனியாக எதையோ சொல்லியிருக்கிறார். கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது.

"என்ன மறைக்கிற?"

"ஒண்ணுமில்லைங்க. சாப்பிடுங்க."

"பார்வதி, எங்கிட்டயா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல." அடுப்பை அணைத்தாள். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அசையுது."

"எது?"

"வாயோரம். நீங்க பேசுறப்ப. ரெண்டு மூணு நாளா பாக்கிறேன்."

"ரெண்டு மூணு நாளாவா? ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு." அவள் கண்ணில் நீர் நின்றது. "போன தடவையும் நான்தானே ஆடினேன், கேசரியெல்லாம் கிளறி. என் கண்ணையே நான் நம்பக்கூடாதுன்னு ஆயிருச்சு. தினமும் பாக்கிறேன், அசையுற மாதிரிதான் தெரியுது. ஆனா எனக்கு ஆசையா இருக்கிறதால அப்படித் தெரியுதோ என்னமோ."

எதையும் உடனே நம்பிவிடுகிறவள், அதற்காகவே நான் காலமெல்லாம் கேலி செய்தவள், இப்படிப் பேசினாள். என் வியாதி அவளைத் தொற்றிக்கொண்டுவிட்டது என்று தெரிந்தது. நரம்பு வியாதியைச் சொல்லவில்லை.

"போய்க் கண்ணாடியில பாருங்க" என்றாள். "நான் சொல்றத நம்பாதீங்க."

கூடத்துச் சுவரில்தான் கண்ணாடி, நாலு எட்டில் போய்விடலாம். எழுந்துவிட்டேன். அவள் தோசைத் திருப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள் போல என்னையே பார்த்தாள். நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அசையுதுன்னு நீ சொல்றியா?"

"சொல்றேன்."

"அப்ப அசையுது" என்றேன். "தோசையப் போடு."